பன்றிக் காய்ச்சலில் நூற்றுக்கு 7 பேர் இறந்தார்களா? அந்தக் கணக்கில் என்ன கோளாறு?

முதலில் நான்கு எண்கள். 2014-ஆம் ஆண்டு இந்தியாவில் எச்1என்1 காய்ச்சல் என்று பரிசோதனையில் உறுதியானவர்கள் 937 பேர். அவர்களில் இறந்தவர்கள் 218 பேர். அடுத்த ஆண்டு, 2015-இல், உறுதியானவர்கள் 42,592 பேர், இறந்தவர்கள் 2,990 பேர். மொபைலில் கால்குலேட்டரைத் திறந்து வகுத்துப் பாருங்கள். 2014-இல் நூற்றுக்கு 23 பேர் இறந்திருக்கிறார்கள். 2015-இல் நூற்றுக்கு 7 பேர்.

அப்படியானால் ஒரே வருடத்தில் அந்த வைரஸ் மூன்று மடங்கு சாதுவாகிவிட்டதா? சாதுவான வைரஸா 45 மடங்கு அதிகம் பேரைப் பிடித்து, கிட்டத்தட்ட 3,000 பேரைக் கொன்றது?

இன்னொரு கணக்கையும் பக்கத்தில் வையுங்கள். அதே எச்1என்1, 2009 ஏப்ரல் முதல் 2010 ஏப்ரல் வரை அமெரிக்காவில் சுமார் 6 கோடியே 8 லட்சம் பேரைத் தாக்கியது, 12,469 பேர் இறந்தார்கள் என்பது அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசியின் மதிப்பீடு. அதாவது 10,000 பேருக்கு 2 பேர். நம் ஊர் 7 சதவீதத்தோடு ஒப்பிட்டால் 350 மடங்கு வித்தியாசம். நம் மருத்துவமனைகளில் ஆயிரம் குறை இருக்கலாம், ஐசியூ படுக்கை போதாமல் இருக்கலாம். அதெல்லாம் சேர்ந்தாலும் 350 மடங்கு வராது.

வித்தியாசம் வைரஸில் இல்லை, வகுக்கும் எண்ணில் இருக்கிறது. ஒவ்வொரு முறை காய்ச்சல் பரவும்போதும் "இத்தனை கேஸ், இத்தனை சாவு" என்று போடும் செய்திகள் இதைச் சொல்வதே இல்லை என்பதுதான் என் ஆதங்கம்.

யாருக்குப் பரிசோதனை செய்தோம்?

2009-இல் பன்றிக் காய்ச்சல் இந்தியாவுக்குள் வந்தபோது மத்திய சுகாதார அமைச்சகம் நோயாளிகளை ஏ, பி, சி என மூன்றாகப் பிரித்தது. நல்ல, எளிமையான வகைப்பாடு அது. இன்றும் அதே முறைதான்.

லேசான காய்ச்சல், இருமல் அல்லது தொண்டை வலி, உடம்பு வலி, தலைவலி இருந்தால் 'ஏ'. இவர்களுக்குப் பரிசோதனை வேண்டாம், வைரஸ் மாத்திரையும் வேண்டாம். வீட்டில் ஓய்வு எடுக்க வேண்டும். 24 முதல் 48 மணி நேரத்துக்குள் மருத்துவர் மறுபடி பார்க்க வேண்டும். காய்ச்சல் அதிகமாகி, தொண்டை வலியும் கடுமையானால் 'பி'. லேசான அறிகுறிதான் என்றாலும் கர்ப்பிணிகள், 65 வயது தாண்டியவர்கள், சர்க்கரை நோய், இதயம், நுரையீரல், சிறுநீரகம், கல்லீரல் பிரச்சினை உள்ளவர்கள், புற்றுநோய் உள்ளவர்கள், நீண்ட நாளாக ஸ்டீராய்டு எடுப்பவர்கள் எல்லோரும் 'பி'தான். இவர்களுக்கு ஒசெல்டாமிவிர் மாத்திரை உண்டு. பரிசோதனை இவர்களுக்கும் கிடையாது. மூச்சுத்திணறல், நெஞ்சு வலி, மயக்கம் போன்ற தூக்கக் கலக்கம், ரத்த அழுத்தம் குறைதல், சளியில் ரத்தம், நகம் நீலமாவது இதில் ஏதாவது வந்தால் 'சி'. உடனே அட்மிட் செய்ய வேண்டும். பரிசோதனை இவர்களுக்கு மட்டும்.

இப்போது புரிந்திருக்கும். நாம் எண்ணியது பெரும்பாலும் 'சி' ஆட்களை. ஏற்கெனவே மூச்சு வாங்கி ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களை மட்டும் எண்ணிவிட்டு, அவர்களில் எத்தனை பேர் இறந்தார்கள் என்று வகுத்தால் விகிதம் பெரிதாகத்தான் வரும். ஜி.எச். வாசலில் நின்றுகொண்டு சென்னையின் ஆரோக்கியத்தை அளப்பது போன்றது இது. 2015-இல் பயம் பரவியது, அதிகம் பேர் வந்தார்கள், லேசானவர்களின் மாதிரிகளும் ஓரளவு லேப்புக்குப் போயின. வகுக்கும் எண் பெருத்தது, சதவீதம் இளைத்தது. வைரஸுக்கு இதில் ஒரு சம்பந்தமும் இல்லை.

'சி'க்கு மட்டும் பரிசோதனை என்ற முடிவைத் தவறு என்று நான் சொல்லவில்லை. 2009 ஆகஸ்டில் புனேயில் முதல் மரணம் நடந்த பிறகு, நாயுடு தொற்றுநோய் மருத்துவமனை முன்னால் பரிசோதனைக்காக நீண்ட வரிசை நின்றது. சும்மா சளி பிடித்தவரும் நிஜமாகவே ஃப்ளூ வந்தவரும் ஒரே வரிசையில் தோளோடு தோள் நின்றால் என்ன ஆகும்? வரிசையில் நிற்கப் போகும்போது இல்லாத நோய் திரும்பி வரும்போது இருக்கும். லேப்களும் குறைவு. தமிழ்நாட்டில் அப்போது மாதிரிகள் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டுக்குத்தான் போயின. கிடைத்ததைத் தேவைப்பட்டவருக்குக் கொடுத்தார்கள், சரி. ஆனால் மருத்துவத் தேவைக்காக எடுத்த அந்த எண்ணை எடுத்து, 'இந்த நோய் இவ்வளவு பேரைக் கொல்லும்' என்று சொல்லும்போதுதான் தப்பு நடக்கிறது.

மெக்சிகோவில் தொடங்கிய பயம்

இதே தப்பை உலகமே ஒருமுறை செய்தது. 2009 ஏப்ரல் கடைசியில் மெக்சிகோவிலிருந்து வந்த செய்தி: நிமோனியாவோடு அட்மிட் ஆனவர்கள் சுமார் 2,000 பேர், இந்தக் காய்ச்சலால் இறந்ததாகச் சந்தேகிக்கப்படுபவர்கள் சுமார் 150 பேர். வகுத்தால் நூற்றுக்கு 7-க்கு மேல். 1918-இல் கோடிக்கணக்கானவர்களைக் கொன்ற ஸ்பானிஷ் ஃப்ளூ திரும்பி வந்துவிட்டது என்றே பலர் நினைத்தார்கள்.

அப்போது ஆய்வாளர்கள் செய்த ஒரு வேலை எனக்கு மிகவும் பிடிக்கும். வெராக்ரூஸ் மாநிலத்தில் லா குளோரியா என்று ஒரு சிற்றூர். பிப்ரவரி, மார்ச்சிலேயே அங்கே காய்ச்சல் பரவியிருந்தது. ஆஸ்பத்திரிக் கணக்கை நம்பாமல், வீடு வீடாக விசாரித்தார்கள். 1,575 பேரில் 616 பேருக்குக் காய்ச்சலும் இருமலுமாக வந்து போயிருந்தது. ஊரில் ஐந்தில் இரண்டு பேர்! 15 வயதுக்குக் கீழே 61 சதவீதம், அதற்கு மேலே 29 சதவீதம். ஆஸ்பத்திரியில் தெரிந்தது பனை மரத்தின் உச்சி. அடிமரம் ஊருக்குள் இருந்தது.

இதையும் பயணிகள் கணக்கையும் வைரஸின் மரபணு மாற்றங்களையும் சேர்த்துப் பார்த்து, சில வாரங்களிலேயே ஒரு புதிய மதிப்பீடு வந்தது. ஒருவர் சராசரியாக 1.4 முதல் 1.6 பேருக்குப் பரப்புகிறார், ஆயிரத்தில் சுமார் 4 பேர் இறக்கிறார்கள் என்றது அது. (தட்டம்மையில் ஒருவர் 12 முதல் 18 பேருக்குப் பரப்புவார். ஃப்ளூ வேகமாகப் பரவுவது போலத் தெரிவதற்குக் காரணம், ஒருவரிடமிருந்து அடுத்தவருக்குத் தாவ அது எடுத்துக்கொள்ளும் நேரம் இரண்டு மூன்று நாள்தான் என்பது.) நூற்றுக்கு 7 என்பது ஆயிரத்துக்கு 4 ஆனது, பின்னர் அமெரிக்கக் கணக்கில் 10,000-க்கு 2 ஆனது. வைரஸ் மாறவில்லை, நாம் எண்ணிய இடம் மாறியது.

அறிகுறிப் பட்டியலும் அப்படித்தான்

மரண விகிதத்தை விடுங்கள். 'ஃப்ளூ வந்தால் என்ன அறிகுறி' என்ற பட்டியல்கூட யாரை எண்ணினோம் என்பதைப் பொறுத்தது. இது பலருக்கும் தெரியாத விஷயம்.

2009-இல் அமெரிக்காவின் முதல் 642 நோயாளிகளைப் பற்றி ஒரு ஆய்வு வந்தது. காய்ச்சல் 94 சதவீதம், இருமல் 92, தொண்டை வலி 66. வயிற்றுப்போக்கும் வாந்தியும் தலா 25 சதவீதம். சில மாதம் கழித்து சீனாவிலிருந்து 426 பேரைப் பற்றிய ஆய்வு வந்தது. அதில் காய்ச்சல் 67 சதவீதம், இருமல் 70-க்குச் சற்றுக் குறைவு. வயிற்றுப்போக்கு 3 சதவீதம்கூட இல்லை.

சீனர்களின் வயிறு அவ்வளவு கெட்டியா? விஷயம் வேறு. அமெரிக்காவில் உடம்பு முடியாமல் டாக்டரிடம் வந்தவர்களைப் பரிசோதித்தார்கள். சீனாவிலோ விமான நிலையத்தில் பிடித்து, கூடப் பயணம் செய்தவர்களைத் தேடிப்பிடித்து, லேசாக இருந்தவரையும் தனிமைப்படுத்தி எண்ணினார்கள். தேடிப்போய் எண்ணியபோது, மூன்றில் ஒருவருக்குக் காய்ச்சலே இல்லை.

'காய்ச்சல் இல்லை, அப்போ ஃப்ளூ இல்லை' என்று ஆபீஸுக்குக் கிளம்புபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 'ஃப்ளூ போன்ற நோய்' என்பதற்கு 38 டிகிரி செல்சியஸ் (100.4 ஃபாரன்ஹீட்) காய்ச்சலும் இருமலும், கடந்த 10 நாளுக்குள் தொடங்கியிருக்க வேண்டும் என்று ஒரு வரையறை வைத்திருக்கிறது. அது நாட்டளவில் போக்கைக் கண்காணிக்க. உங்கள் நெற்றியைத் தொட்டு முடிவு செய்ய அல்ல. வாசலில் செக்யூரிட்டி நீட்டும் தெர்மாமீட்டர் துப்பாக்கிக்கும் இதே கதைதான். ஃப்ளூ அறிகுறி தெரிவதற்கு ஒரு நாள் முன்பே பரவத் தொடங்கிவிடும்.

இங்கிலாந்தில் ரத்த மாதிரிகளில் எதிர்ப்பணுக்களைத் தேடியபோது, முதல் அலை கடுமையாக இருந்த பகுதிகளில் குழந்தைகளில் மூன்றில் ஒருவருக்குத் தொற்று வந்து போயிருந்தது. டாக்டர்களிடம் வந்தவர்களை வைத்துப் போட்ட கணக்கைவிட அது 10 மடங்கு. அங்கேயே ஐந்து குளிர்காலங்கள் நடந்த இன்னொரு ஆய்வு, தொற்று வந்தவர்களில் நான்கில் மூன்று பேருக்கு அறிகுறியே இல்லை, அல்லது கவனிக்கும் அளவுக்கு இல்லை என்றது.

அப்போ பயப்படவே வேண்டாமா?

இங்கேதான் பலர் எதிர்ப்பக்கம் சாய்ந்துவிடுகிறார்கள். "பார்த்தியா, சாதா ஃப்ளூ தான், சும்மா பூச்சாண்டி காட்டினாங்க." 2010-இல் ஐரோப்பாவிலும் இந்தக் குரல் பலமாக எழுந்தது. உலக சுகாதார நிறுவனம் மிகைப்படுத்திவிட்டது என்று ஐரோப்பிய கவுன்சிலின் நாடாளுமன்ற அவையிலேயே கண்டித்தார்கள்.

அவர்கள் வகுத்தலின் கீழ் எண்ணைத் திருத்தினார்கள், மேல் எண்ணை அப்படியே விட்டார்கள். லேப்பில் உறுதியான மரணம் உலகம் முழுவதும் 18,449. ஆனால் பரிசோதனையே நடக்காமல் 'நிமோனியா', 'மாரடைப்பு' என்று எழுதப்பட்ட மரணங்கள்? 2012-இல் வந்த சர்வதேச மதிப்பீடு முதல் ஆண்டு மரணங்களை சுமார் 2,84,500 என்றது. அதாவது 15 மடங்கு. குறைந்தபட்சம் ஒன்றரை லட்சம், அதிகபட்சம் ஐந்தே முக்கால் லட்சம் வரை இருக்கலாம் என்றும் சொன்னது. அதில் பாதிக்கு மேல் தென்கிழக்கு ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும், எண்ணவே வசதியில்லாத இடங்களில்.

இன்னொன்றும் இருக்கிறது, இதைப் படிக்கும் பலருக்கு நேரடியாகப் பொருந்தும். வழக்கமான ஃப்ளூ பெரும்பாலும் வயதானவர்களைக் கொண்டுபோகும். 2009-இல் இறந்தவர்களில் 80 சதவீதம் பேர் 65 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் என்கிறது அதே மதிப்பீடு. 1957-க்கு முன்பு பிறந்தவர்கள் சிறுவயதில் இதன் உறவுக்கார வைரஸைச் சந்தித்திருந்தார்கள், பலருக்கு எதிர்ப்பாற்றல் மிச்சம் இருந்தது. தாத்தா தப்பித்தார், 35 வயது மகன் ஐசியூவுக்குப் போனான். மொத்த எண்ணிக்கை சிறியதாக இருந்தாலும், இழந்த ஆயுள் வருடங்கள் அதிகம்.

கர்ப்பிணிகள் நிலை இன்னும் மோசம். அமெரிக்க மக்கள்தொகையில் அவர்கள் ஏறக்குறைய 1 சதவீதம், எச்1என்1 மரணங்களில் 5 சதவீதம். அந்த ஆய்வில் நெஞ்சை உறுத்தும் தகவல் ஒன்று உண்டு. அறிகுறி தொடங்கிய 2 நாளுக்குள் வைரஸ் மாத்திரை எடுத்த கர்ப்பிணிகளைவிட, 4 நாள் தாண்டி எடுத்தவர்கள் ஐசியூவுக்குப் போகும் வாய்ப்பு 6 மடங்கு. ரிசல்ட் வரட்டும் என்று காத்திருந்த நாட்கள்தான் சிலருக்கு அந்த வித்தியாசம். பரிசோதனை முடிவுக்குக் காத்திருக்காமல் 'பி' பிரிவுக்கு மாத்திரை கொடுங்கள் என்று நம் விதிமுறை சொல்வதன் நியாயம் இதுதான். தனியார் கிளினிக்கில் ராபிட் டெஸ்ட் நெகட்டிவ் என்று வந்ததும் நிம்மதியாகிவிடுபவர்களுக்கு ஒரு வார்த்தை: 2009-இல் புழங்கிய ராபிட் டெஸ்ட்கள் எச்1என்1 உள்ளவரில் 10 முதல் 70 சதவீதம் பேரை மட்டுமே கண்டுபிடித்தன. அந்த வகை டெஸ்டில் பாசிட்டிவ் என்றால் நம்பலாம். நெகட்டிவ் என்றால், உடம்பு என்ன சொல்கிறதோ அதைக் கேளுங்கள்.

உடம்பு எதைச் சொன்னால் கிளம்ப வேண்டும்?

மாநிலத்தில் 100 கேஸா, 10,000 கேஸா என்பது உங்கள் வீட்டுப் படுக்கையில் இருப்பவருக்கு எந்த முடிவையும் சொல்லாது. அவர் மூச்சு சொல்லும்.

பேசும்போது ஒரு வாக்கியத்தை முடிக்க முடியாமல் இடையில் மூச்சு வாங்குகிறாரா? பாத்ரூம் வரை நடந்துவிட்டு வந்தாலே இரைக்கிறதா? கோவிட் காலத்தில் வாங்கிய பல்ஸ் ஆக்சிமீட்டர் அலமாரியில் இருந்தால் எடுத்துப் பாருங்கள், 95-க்குக் கீழே இறங்கினால் அன்றே மருத்துவரிடம் போங்கள். நெஞ்சில் வலி அல்லது அழுத்தம், திடீர் தலைசுற்றல், குழம்பிப் பேசுவது, நிற்காத வாந்தி, சளியில் ரத்தம், உதடோ நகமோ நீலம் பாய்வது எல்லாம் நேராக அவசரப் பிரிவுக்குப் போக வேண்டியவை.

அதிகம் பேர் ஏமாறும் அறிகுறி ஒன்று இருக்கிறது. மூன்று நான்கு நாள் காய்ச்சல் அடித்து, விட்டுவிடும். "பரவாயில்லப்பா, சரியாயிடுச்சு" என்று வேலைக்குப் போவார். ஒன்றிரண்டு நாளில் காய்ச்சல் திரும்பி வரும், இருமல் முன்பைவிட மோசமாகும். இது புதிய சளி இல்லை. வைரஸ் புண்ணாக்கிவிட்டுப் போன நுரையீரலில் பாக்டீரியா குடியேறும்போது இப்படித்தான் வரும். இதற்கு ஆன்டிபயாட்டிக் வேண்டும், டாக்டர் பார்த்து, சரியானதாக. முதல் நாளிலேயே மெடிக்கலில் "ஒரு அசித்ரோமைசின் குடுங்க" என்று வாங்கிப் போடுவது வைரஸை ஒன்றும் செய்யாது.

குழந்தைகளுக்கு மூச்சை எண்ணத் தெரிந்துகொள்ளுங்கள். அழாமல் இருக்கும்போது சட்டையைத் தூக்கிவிட்டு, ஒரு முழு நிமிடம் வயிறு ஏறி இறங்குவதை எண்ண வேண்டும். 2 மாதத்துக்குள் 60, 2 மாதம் முதல் 1 வயது வரை 50, 1 முதல் 5 வயது வரை 40. இந்த எண்ணைத் தொட்டாலோ தாண்டினாலோ அது வேக மூச்சு. பால் குடிக்கவில்லை, எழுப்பினாலும் முழிக்கவில்லை, வலிப்பு வந்தது என்றால் எண்ணிக்கொண்டு உட்கார வேண்டாம், கிளம்புங்கள். காய்ச்சலுக்குப் பிள்ளைகளுக்கு ஆஸ்பிரின் கூடவே கூடாது.

"எண்ணாதே என்றால் மறைக்கச் சொல்கிறாயா?"

இந்தக் கேள்வி வரும், வர வேண்டியதுதான். 2009 ஜூலையிலேயே, ஒவ்வொரு கேஸாக எண்ணி அனுப்ப வேண்டாம் என்று நாடுகளுக்கு உலக சுகாதார நிறுவனம் சொன்னபோதும் பலர் சந்தேகப்பட்டார்கள். அரசுகள் மறைக்கும், மறைத்ததும் உண்டு, அதனால் அந்தச் சந்தேகத்தை நான் குறை சொல்ல மாட்டேன்.

நான் கேட்பது வேறு விதமான எண்கள். ஒரு வாரத்தில் மூச்சுத்திணறலோடு அட்மிட் ஆனவர்கள் எத்தனை, அவர்களில் எத்தனை பேரைப் பரிசோதித்தோம், அதில் எத்தனை பேருக்கு ஃப்ளூ, எந்த வயது, எத்தனை பேர் ஐசியூவில். இதை வாராவாரம் ஒரே மருத்துவமனைகளில் ஒரே முறையில் எடுத்தால், ஏறுகிறதா இறங்குகிறதா என்று தெரியும். அலை ஓய்ந்ததும் ரத்த மாதிரி ஆய்வு செய்தால் உண்மையில் ஊரில் எத்தனை பேருக்கு வந்தது என்று தெரியும். கோவிடில் இதைச் செய்து காட்டியிருக்கிறோம், எதிர்ப்பணு ஆய்வு என்றால் என்னவென்று இப்போது ஆட்டோ ஓட்டுநருக்கும் தெரியும். ஃப்ளூவுக்கு மட்டும் ஏன் இன்னும் "இன்று மேலும் 12 பேருக்கு உறுதி" என்ற ஒற்றை வரி?

பத்திரிகைகளிடமும் ஒரே ஒரு கோரிக்கை. எத்தனை பேருக்கு உறுதி என்று போடும் அதே வரியில் எத்தனை பேரைப் பரிசோதித்தார்கள், எந்த வகையினரை என்று போடுங்கள். அது கிடைக்காவிட்டால் சதவீதம் போடாதீர்கள்.

கடைசியாக, ஆபீஸ்கள். மூன்று நாள் சிக் லீவுக்கு லேப் ரிப்போர்ட் கேட்கும் எச்.ஆர். பிரிவுகள் இன்னும் இருக்கின்றன. 'ஏ' பிரிவு ஆளுக்குப் பரிசோதனையே வேண்டாம் என்று அரசு விதி சொல்கிறது. அதே ஆளிடம் ஆபீஸ் ரிப்போர்ட் கேட்கிறது. அவர் என்ன செய்வார்? காய்ச்சலோடு லேப் வரிசையில் நிற்பார், அல்லது "ஒரு பாராசிட்டமால் போட்டுட்டு வந்துட்டேன்" என்று உங்கள் பக்கத்து சீட்டில் வந்து உட்காருவார். மாத்திரை காய்ச்சலைத்தான் அடக்கும், வைரஸ் ஐந்து முதல் ஏழு நாள் வரை வெளியே வந்துகொண்டுதான் இருக்கும். சிடிசி 2009-இல் சொன்ன விதியை அப்படியே நோட்டீஸ் போர்டில் ஒட்டலாம்: காய்ச்சல் மாத்திரை எதுவும் போடாமல், காய்ச்சல் இல்லாமல் 24 மணி நேரம் முழுதாகப் போன பிறகு வேலைக்கு வாருங்கள். அதற்கு ரிப்போர்ட் தேவையில்லை, வீட்டில் ஒரு தெர்மாமீட்டர் போதும்.